கேள்வி–பதில்: குட்டி விமானங்கள் இறங்கும்போது ஏன் விழுகின்றன?

போன இதழில் விமானப் பயிற்சி பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். சின்ன விமானம் இறங்க முயலும்போது நடக்கிற விபத்துகள். பல வருடம் பயிற்றுநராக இருந்தவன் என்ற முறையில், தெரிந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

என் மகன் கமர்ஷியல் பைலட் பயிற்சியில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. எந்தச் செய்தியைப் பார்த்தாலும் "தரையிறங்க முயன்றபோது" என்றுதான் வருகிறது. இறங்குவது அவ்வளவு ஆபத்தா? ராத்திரி தூக்கம் வரவில்லை.
— ஒரு தாய், கோவை

அம்மா, உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது, மீதிப் பாதியை நான் குறைக்கப் பார்க்கிறேன். சிறிய விமான விபத்துகளை எண்ணிப் பார்த்தால், விமானியின் தவறால் நடப்பவற்றில் அதிகம் இறங்கும்போது நடப்பவைதான். அமெரிக்காவில் இதை வருடா வருடம் தொகுக்கிறார்கள், எல்லா வருடமும் இதே கதைதான். ஆனால் அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது: இறங்கும்போது நடப்பவற்றில் உயிர் போவது ரொம்பக் குறைவு. வேகம் தணிந்திருக்கும், கீழே ஓடுபாதை இருக்கும். முன்சக்கரம் மடங்கும், புரொப்பல்லர் வளையும், இறக்கை நுனி தரையில் உரசும், உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறந்துகொண்டு தாங்களே நடந்து வருவார்கள்.

உயிரைக் குடிக்கிற விபத்து ஓடுபாதைக்கு வந்து சேர்வதற்கு முன்னால் நடக்கிறது, பெரும்பாலும் ஒரு திருப்பத்தில். இறங்க வரும் விமானம் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய ஆயிரம் அடி உயரத்தில், எதிர்த்திசையில் போகும். அதை டவுன்விண்ட் என்போம். அப்புறம் ஒரு திருப்பம், அது பேஸ். இன்னொரு திருப்பம், ஓடுபாதைக்கு நேராக வந்துவிடும், அது ஃபைனல். இந்தக் கடைசித் திருப்பம்தான் கண்டம். காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஓடுபாதையைத் தாண்டிப் போய்விடுவோம். உடனே கை தானாக விமானத்தை இன்னும் சாய்க்கும், கால் வாலிலிருக்கும் திருப்புப் பலகையான ரட்டரை மிதித்து மூக்கை இழுக்கும், மூக்கு கீழே போகிறதே என்று கை கம்பைப் பின்னால் இழுக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் இறக்கை காற்றைப் பிடித்துக்கொள்ள முடியாமல் விட்டுவிடும். இதைத்தான் ஸ்டால் என்கிறோம். நிறைய பேர் எஞ்சின் நின்றுபோவது என்று நினைக்கிறார்கள். எஞ்சின் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், இறக்கைதான் வேலை செய்யாது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள், அவனும் இதையே சொல்வான். பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 ஃபைனலில் சுமார் 65 நாட் வேகத்தில் வரும், மணிக்கு 120 கிலோமீட்டர். இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகையான ஃப்ளாப்பை முழுசாக இறக்கி நேராகப் பறந்தால் வேகமானி 40 நாட் அளவுக்கு இறங்கும்வரை ஸ்டால் ஆகாது. ஆக, கையில் தாராளமாக இருக்கிறது. ஆனால் உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் ஏறும், 60 டிகிரி சாய்த்தால் 41 சதவீதம். 40 என்றிருந்தது 56 ஆகிவிடும். கையிலிருந்த இடைவெளி எங்கே போனது என்று தேடுவதற்குள் முடிந்துவிடும், ஏனென்றால் ஐந்நூறு அடி உயரத்தில் மீள இடம் கிடையாது. அதனால்தான் நல்ல பயிற்றுநர் அந்தத் திருப்பத்தில் 30 டிகிரிக்கு மேல் சாய்க்க விடமாட்டார். "தாண்டிப் போய்விட்டாயா, போகட்டும், சுற்றிக்கொண்டு வா" என்பார். உங்கள் மகனின் பயிற்றுநர் அப்படிச் சொல்கிறாரா என்று மட்டும் விசாரியுங்கள் அம்மா. சொல்கிறார் என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

சரியாக வரவில்லை என்றால் திரும்ப மேலே ஏறிச் சுற்றி வரலாமே? அதை ஏன் செய்யமாட்டேன் என்கிறார்கள்?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

செய்கிறார்கள் ஐயா, தினமும் உலகம் முழுக்க நடக்கிறது. கோ-அரவுண்ட் என்று பெயர். நீங்கள் பயணிகள் விமானத்தில் போகும்போது சக்கரம் தரையைத் தொடப் போகிற நேரத்தில் எஞ்சின் திடீரென்று உறுமி மறுபடி மேலே ஏறியிருந்தால், நீங்களே ஒன்றைப் பார்த்துவிட்டீர்கள். செய்யாமல் விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மனசுதான். கீழே நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பெட்ரோல் செலவு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன நினைப்பார், இன்னும் கொஞ்சம் தள்ளினால் இறங்கிவிடலாம். பத்து சதவீதம் கூடுதல் வேகத்தில் வந்தால் அடக்கி நிறுத்த வேண்டிய இயக்க ஆற்றல் 21 சதவீதம் கூடுகிறது. விமானம் தரைக்கு ரெண்டடி மேலே மிதந்துகொண்டே போகும், ஓடுபாதை தீர்ந்துகொண்டே வரும், அப்போதும் "இதோ இறங்கிவிடும்" என்றுதான் மனசு சொல்லும்.

ஆனால் எனக்கு அதைவிட வலிக்கிற கேள்வி வேறு: சுற்றி வரலாம் என்று சரியாக முடிவெடுத்தவர்களும் ஏன் விழுகிறார்கள்?

2016 ஜூன் 9-ஆம் தேதி, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம். இந்த விபத்தைச் சொல்லாமல் நான் எந்த மாணவரையும் தனியாகப் பறக்க விட்டதில்லை. சிர்ரஸ் எஸ்ஆர்20, ஒற்றை எஞ்சின் விமானம், விமானியோடு சேர்த்து மூன்று பேர். ஓக்லஹோமாவிலிருந்து புறப்பட்டு ஹூஸ்டன் ஹாபி விமான நிலையத்துக்கு வருகிறார்கள். அங்கே போயிங் 737-கள் வரிசை கட்டி வந்து இறங்கும். பின்னால் ஒரு 737 வேகமாக நெருங்குகிறது என்று இவரை விலகச் சொன்னார்கள். அப்புறம் வேறு ஓடுபாதை சொன்னார்கள். காற்றும் வாகாக இல்லை. உயரம் அதிகமாக இருந்தது, இறங்க முடியவில்லை, சுற்றினார். மறுபடி உயரம் அதிகம், மறுபடி சுற்று. ஒவ்வொரு தடவையும் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து புதுசாக ஏதாவது ஒரு உத்தரவு வருகிறது, இவர் எல்லாவற்றுக்கும் பணிவாகச் சரி சொல்கிறார். கடைசி முறை மேலே ஏறும்போது போதுமான வேகம் வருவதற்கு முன்னாலேயே ஃப்ளாப்பை உள்ளே இழுத்துவிட்டார். அந்த மெதுவான வேகத்தில் விமானத்தைத் தாங்கிக்கொண்டிருந்ததே ஃப்ளாப்தான். விமானம் ஒருபக்கம் சரிந்து, சுழன்று, ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில் ஆளில்லாத கார் மேல் விழுந்தது. மூன்று பேரும் போய்விட்டார்கள். சிர்ரஸில் விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் உண்டு, ஆனால் அது விரிவதற்கு உயரம் வேண்டும்.

விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதல் காரணமாகச் சொன்னது கோ-அரவுண்டை முறையாகச் செய்யாததை. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. அவரை அந்த நெரிசலிலேயே சுற்ற வைத்த கட்டுப்பாட்டாளரின் முடிவு, சிக்கலான நேரத்தில் கொடுத்த சிக்கலான உத்தரவு, விமானி தன் நிலைமையை அழுத்திச் சொல்லாதது, இவற்றையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவது அந்தக் கடைசி வரியில்தான். விமானியின் பேச்சில் "அனேபிள்" என்று ஒரு சொல் உண்டு, முடியாது என்று அர்த்தம். "அனேபிள், பத்து நிமிஷம் வெளியே போய் நின்று திரும்பி வருகிறேன்" என்று சொல்லியிருந்தால் கோபுரம் அவரை வெளியே அனுப்பியிருக்கும். விமானம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் கடைசி முடிவு, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. நம் ஊரில் பெரியவர் சொன்னால் தலையாட்டி வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு சொல் வாயில் வர எவ்வளவு நாள் ஆகிறது என்பதை நான் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்திருக்கிறேன். ரேடியோ பொத்தானை அமுக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல், விட்டுவிடுவார்கள்.

மலேசியாவின் எல்மினாவில் ஜெட் விழுந்த இடம் என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. அன்று மழையும் இல்லை, புயலும் இல்லை. தெளிவான பகலில் ஒரு ஜெட் எப்படி நெடுஞ்சாலையில் விழும்?
— ஒரு வாசகி, கிள்ளான், மலேசியா

2023 ஆகஸ்ட் 17. லங்காவியிலிருந்து சுபாங் வந்துகொண்டிருந்த பீச்கிராஃப்ட் பிரீமியர் ஒன்று, சின்ன வணிக ஜெட். உள்ளே இருந்த எட்டுப் பேரும், கீழே சாலையில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேரும் இறந்தார்கள். இறங்க அனுமதி கிடைத்தாயிற்று, ஓடுபாதைக்குக் கொஞ்ச தூரம்தான்.

அந்த விமானத்தில் லிஃப்ட் டம்ப் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. இறக்கை மேல் பலகைகள் நிமிர்ந்து நின்று, இறக்கையின் தூக்குவிசையை ஒரேயடியாகக் கொன்றுவிடும். சக்கரம் தரையைத் தொட்ட பிறகு விமானம் மறுபடி எழும்பாமல் தரையோடு அமுக்கிப் பிடிக்க இது வேண்டும். பறக்கும்போது தொடவே கூடாது. இறங்குவதற்கு முந்தைய சரிபார்ப்பு நேரத்தில் அது தவறுதலாக விரிக்கப்பட்டுவிட்டது என்பதுதான் மலேசிய விசாரணையின் முடிவு. அவ்வளவுதான் அம்மா, ஒரு கைப்பிடி. வானிலையும் எஞ்சினும் குற்றமற்றவை.

இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் கைப்பிடியை நகர்த்தியவர் மேல் அல்ல. பறக்கும்போது தொட்டால் பத்து பேர் சாவார்கள் என்கிற ஒரு கைப்பிடிக்குப் பூட்டைத் திறந்து வைக்கும் வேலையே, பறந்துகொண்டிருக்கும்போது செய்கிற சரிபார்ப்புப் பட்டியலில் வருகிறது என்றால், என்றோ ஒருநாள் ஒரு கை அடுத்த படியையும் சேர்த்துச் செய்துவிடும். களைத்த கை, பழக்கமில்லாத கை, பேச்சு சுவாரஸ்யத்தில் இருக்கிற கை. விமானம் செய்கிறவர்கள் அந்தக் கையை நினைத்துத்தான் வடிவமைக்க வேண்டும்.

நடிகை சௌந்தர்யா போன விமானமும் இறங்கும்போதுதான் விழுந்ததா? புறப்பட்டதும் எஞ்சின் கைவிட்டால் என்ன செய்வது?
— ஒரு வாசகர், சென்னை

இல்லை. 2004 ஏப்ரல் 17 அன்று பெங்களூரு ஜக்கூரிலிருந்து கரீம்நகருக்குத் தேர்தல் பிரசாரத்துக்காகப் புறப்பட்ட செஸ்னா 180, மேலே ஏறிய சில நிமிடங்களுக்குள் விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அன்று டிவி முன்னால் உட்கார்ந்து அழுத வீடுகளில் என் வீடும் ஒன்று.

புறப்பட்டதும் எஞ்சின் கைவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அதுவும் ஒருவகை இறக்கம்தான், ஓடுபாதை இல்லாத இறக்கம். உயரம் போதாதபோது புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்ப நினைப்பதுதான் பழைய, பெரிய தப்பு. முன்னால் தெரிகிற வயலோ மைதானமோ அதில் இறக்கிவிட வேண்டும். ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2015 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் ஒரு பழைய பயிற்சி விமானத்தில் வானில் எழும்பியதும் கார்புரேட்டரில் ஒரு பாகம் கழன்று எஞ்சின் வலுவிழந்தது. ஓடுபாதைவரை வர உயரம் போதாது என்று தெரிந்ததும் பக்கத்து கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். பலத்த காயம், ஆனால் பிழைத்தார்.

ஜிபிஎஸ், ஆட்டோபைலட் எல்லாம் வந்த பிறகும் மூடுபனியிலும் இருட்டிலும் எப்படி விழுகிறார்கள்?
— ஒரு மாணவி, யாழ்ப்பாணம்

நல்ல கேள்வி. கருவி எவ்வளவு உயரத்தில் இருக்கிறாய் என்று சொல்லும், நீ அதைக் கேட்கிறாயா என்பது வேறு விஷயம். 2022 நவம்பர் 27 மாலை, வாஷிங்டன் நகரத்துக்குப் பக்கத்தில் கெய்தர்ஸ்பர்க். கனத்த மூடுபனி, இருட்டிவிட்டது. ஒரு மூனி விமானம், ரெண்டு பேர். அந்தப் பாதையில் ஒவ்வோர் இடத்திலும் இதற்குக் கீழே வராதே என்று ஓர் உயரம் குறித்திருப்பார்கள். அதற்குக் கீழே இறங்கி வந்து, நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரு மைல் முன்னால் உயரழுத்த மின்கோபுரத்தில் சொருகிக்கொண்டது. சொருகி அப்படியே நின்றுவிட்டது! தரையிலிருந்து சுமார் நூறடி உயரத்தில், கம்பிகளுக்கு நடுவே, குளிரில், ரெண்டு பேரும் ஏழு மணி நேரம் போலத் தொங்கினார்கள். மின்சாரத்தை நிறுத்தி, கம்பிகளை எர்த் செய்து, விமானத்தைக் கோபுரத்தோடு கட்டி, நள்ளிரவுக்கு மேல்தான் இறக்க முடிந்தது. பல்லாயிரம் வீடுகள் இருளில் கிடந்தன. இருவரும் உயிரோடு வந்தார்கள். பனியில் தரை தெரியாதபோது "இன்னும் கொஞ்சம் இறங்கினால் விளக்கு தெரிந்துவிடும்" என்று ஓர் ஆசை வரும். அந்தக் கொஞ்சத்தில்தான் கோபுரம் நிற்கிறது.

இருட்டு வேறு வகை. 1999 ஜூலை 16 இரவு, முன்னாள் அதிபர் கென்னடியின் மகன், மனைவியையும் மைத்துனியையும் ஏற்றிக்கொண்டு பைப்பர் சரடோகாவில் மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்குப் போனார். கீழே கடல், மேலே கலங்கலான வானம், அடிவானக் கோடே தெரியாது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதி அவருக்கு இருக்கவில்லை. அந்த நிலையில் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் சாய்ந்து சுருண்டு இறங்கும்போது நேராக இருக்கிறாய் என்று அடித்துச் சொல்லும். அப்போது கண் கருவியைப் பார்க்க வேண்டும், உடம்பு சொல்வதைக் கேட்கக் கூடாது. இதைச் சாதாரணமாக எழுதிவிட்டேன், ஆனால் உடம்பை நம்பாமல் இருப்பது பயிற்சியில்லாமல் ஒருவராலும் ஆகாத காரியம்.

எவரெஸ்ட் அடிவாரம்வரை நடைப்பயணம் போகப் போகிறோம். லுக்லா விமான நிலையம் ஆபத்தானது என்கிறார்களே?
— நண்பர்கள் குழு, ஈரோடு

ஓடுபாதை 527 மீட்டர்தான், ஏறக்குறைய 2,845 மீட்டர் உயரத்தில், மேல்நோக்கிய சரிவாக, முடிகிற இடத்தில் மலை. கடைசிக் கட்டத்தில் சுற்றி வருகிற வாய்ப்பே கிடையாது. 2008 அக்டோபர் 8 அன்று பனிமேகத்தில் இறங்க முயன்ற ட்வின் ஆட்டர் விமானத்தில் 18 பேர் இறந்தார்கள், தலைமை விமானி மட்டும் பிழைத்தார். அதனால் ஒன்று செய்யுங்கள்: பயணத் திட்டத்தில் போகவும் வரவும் ரெண்டு மூன்று நாள் உபரியாக வையுங்கள். மேகம் வந்து விமானத்தை நிறுத்தினால் கவுண்ட்டரில் போய்ச் சண்டை போடாதீர்கள். ஊருக்கு அவசரமாகத் திரும்ப வேண்டியவர்களின் நெருக்கடி விமானியின் தோளில்தான் போய் உட்காரும்.

சார், நான் பயிற்சியில் 30 மணி நேரம் முடித்திருக்கிறேன். போன வாரம் இறங்கும்போது விமானம் மூன்று தடவை துள்ளியது. பயிற்றுநர் கன்ட்ரோலை வாங்கிக்கொண்டார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. இதை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.
— பெயர் வேண்டாம், ஓசூர்

தம்பி, துள்ளாமல் கற்றுக்கொண்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. எனக்கும் நடந்தது. என் பயிற்றுநரும் பேசவில்லை, நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். தரைக்கு மேல் பத்து பதினைந்து அடியில் உன் பார்வை மூக்குக்கு நேர் கீழே போயிருக்கும். அங்கே பார்த்தால் தரை ஓடி வருகிற மாதிரி தெரியும், அவசரமாக இழுப்பாய் அல்லது இழுக்கவே மறப்பாய். பார்வை ஓடுபாதையின் கடைசி முனையில் இருக்க வேண்டும். அங்கே பார்த்தால் ஓரங்கள் ரெண்டும் கண்ணின் பக்கவாட்டில் மெல்ல அகன்று மேலே வருவது தெரியும், உட்கார்ந்தபடியே நாற்காலியோடு இறங்குவது போல. அப்போது கம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் கொண்டு வா, விமானத்தை இறங்கவிடக் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பது மாதிரி. அது தானாக இறங்கும், பின்சக்கரங்கள் ரெண்டும் முதலில் தொடும்.

துள்ளினால் மூக்கைக் கீழே தள்ளாதே. எல்லோரும் செய்கிற தப்பு அதுதான். தள்ளினால் முன்சக்கரம் முதலில் அடிக்கும், அடுத்த துள்ளல் முந்தியதைவிட உயரமாக இருக்கும், ரெண்டு மூன்றுக்குள் முன்சக்கரம் போய்விடும், புரொப்பல்லர் தரையில் அடித்தால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டிவரும். சின்னத் துள்ளல் என்றால் மூக்கை அப்படியே பிடித்துக்கொள், தானே உட்காரும். பெரிசாக இருந்தால் யோசிக்காதே, த்ராட்டில் முழுசாக, அதாவது எஞ்சினுக்கு முழு வலு, சுற்றி வா.

செஸ்னாவில் அந்தச் சுற்றிவருதலையும் கையால் சொல்லிப் பழகு. த்ராட்டில் முழுசாக. மூக்கு தானாக மேலே பாயும், ஏனென்றால் இறங்குவதற்காக ட்ரிம் (கம்பைப் பிடிக்கும் பாரத்தைக் குறைக்கும் அமைப்பு) வைத்திருக்கிறாய், கம்பை முன்னால் அமுக்கிப் பிடி. மூக்கு இடதுபக்கம் இழுக்கும், வலது ரட்டரை மிதி. ஃப்ளாப்பை முதலில் 20 டிகிரிக்கு மட்டும் கொண்டு வா. வேகமானி 60-ஐத் தாண்டி ஏறுகிறது என்று பார்த்த பிறகு 10, தடைகளையெல்லாம் தாண்டிய பிறகுதான் முழுசாக உள்ளே. ரேடியோவில் சொல்வது கடைசியில், கோபுரம் கத்தினாலும் கடைசியில்தான். ஹூஸ்டன் விபத்தை மேலே எழுதியிருக்கிறேன், அதை இன்னொரு தடவை படி.

அடுத்த வகுப்பில் உன் பயிற்றுநரிடம் நீயே போய்க் கேள்: "சார், இன்றைக்கு ஒன்றுகூட இறங்க வேண்டாம், பத்துத் தடவை கோ-அரவுண்ட் மட்டும் போகலாம்." கொஞ்சம் வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. அவர் மறுத்தால் எனக்கு எழுது, நான் பேசுகிறேன். ஒத்துக்கொண்டால் ஏழாவது எட்டாவது சுற்றில் உன் வலது கால் தானாக ரட்டருக்குப் போகிறதா என்று பார்த்து வை. போனதா இல்லையா என்று அடுத்த கடிதத்தில் சொல், காத்திருக்கிறேன்.